ஏழாவது வால்வு

"நீ பேசாத. ஸ்பேனரைப் பிடிச்சு மெதுவாச் சுத்து, போதும்."

கோட்டைச்சாமி இப்படி அதட்டியது தன் வேலையாளை அல்ல, எதிர்ப் பட்டறைக்காரி சித்ராவை. அதுவும் அவளுடைய பட்டறையிலேயே, அவளிடம் வண்டி விட்ட கீர்த்தியின் முன்னால்.

கீர்த்தி காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை எடுத்து விடுதி நடத்துகிறாள். விருந்தினர்களுக்கு நாட்டரசன்கோட்டைப் பக்கம் சுற்றிக்காட்ட அறுபது வருஷத்து அம்பாசடர் ஒன்றை வாங்கி, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லி சித்ராவிடம் விட்டிருந்தாள். இது நன்றாக ஓடினால் இன்னும் இரண்டு பழைய வண்டிகள் தருவதாகப் பேச்சு.

சித்ரா பட்டறை திறந்த நாளிலிருந்து பஞ்சர் ஒட்டியும் ஆயில் மாற்றியும்தான் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு வண்டிகள் வந்தால்தான் பட்டறை நிற்கும். இல்லையென்றால் பூட்டு வாங்க வேண்டியதுதான்.

இன்ஜின் ஓடியது. கூடவே டொக் டொக்கென்று ஒரு சத்தமும் வந்தது. கீர்த்தி பயந்துபோய் எதிர்ப் பட்டறையில் போய் நின்றுவிட்டாள். கூப்பிட்டதுதான் தாமதம், கோட்டைச்சாமி தன் டயல் கேஜைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே டீக்கடைக் கூட்டமும் வந்தது.

வராமல் இருப்பாரா? அவரும் சித்ராவும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி மூடியதும் அவர் பட்டறை போட்டார். அவளும் போட்டாள், நேர் எதிரே. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

கேஜின் முனையை ஒவ்வொரு வால்வின் மேலும் வைத்து இன்ஜினைக் கையால் சுற்றினால், அந்த வால்வு எவ்வளவு திறக்கிறது என்று முள் காட்டிவிடும். ஆறு வால்வும் ஒரே அளவு காட்டின. ஏழாவதில் முள் ஒரு மில்லிமீட்டர் குறைவாகவே நின்று திரும்பிவிட்டது.

சித்ராவுக்கு அது தெரிந்த விஷயம்தான். காலையில் அவளே அளந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

இன்ஜினைப் பூட்டியபோது எட்டு வால்வும் சமமாகத்தான் இருந்தன. பூட்டிய கையோடு ஸ்டார்ட் பண்ணியிருக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியில் பால்குடம் எடுக்க வேண்டும், விரதம் என்று பட்டறையைப் பூட்டிவிட்டாள். விரதம் முடிந்து வந்த வேகத்தில் சாவியைத் திருப்பினாள். உள்ளே வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டில் ஊற்றிய எண்ணெய் அத்தனை நாளில் வடிந்து போயிருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இரும்பும் இரும்பும் வறட்டு வறட்டென்று உரசி, அந்த வால்வைத் தள்ளுகிற மேடு தேய்ந்துவிட்டது. முருகன் மேலா பழி போட முடியும்?

மதுரையில் விசாரித்தாள். வேறு கேம் வர ஒரு மாதம் ஆகுமாம். கீர்த்தியின் விருந்தினர்கள் சனிக்கிழமையே வருகிறார்கள்.

"மேடம், தப்பு என்..." என்று அவள் வாயைத் திறந்தபோதுதான் அந்த அதட்டல் விழுந்தது.

கோட்டைச்சாமி கேஜைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"கேம் தேஞ்சிருக்கும்மா. அறுபது வருஷ வண்டி, தேயாம என்ன செய்யும்? என் பட்டறைக்குத் தள்ளிவிடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிருவீக."

டீக்கடைக் கூட்டமே கைகொடுத்து வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது. பெரிய மனுஷன் மாதிரி பேசி வேலையைப் பிடுங்கிக்கொண்டாரே என்று சித்ராவுக்கு ஆத்திரமான ஆத்திரம். அதைவிட, தன் தவறைச் சொல்லக்கூட விடவில்லையே என்று அழுகை. அந்த வாரம் முழுவதும் அவள் எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பாசடர் அவள் வாசலில் வந்து நின்றது. சத்தமே இல்லை. கீர்த்தி இறங்கி வந்தாள்.

"மத்த ரெண்டு வண்டியையும் திங்கக்கிழமை அனுப்புறேங்க்கா."

சித்ரா வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டறை பிழைத்துவிடும். அவளால் முடியவில்லை.

"மேடம், வண்டி வயசாகித் தேயலை. என் அவசரத்துல தேஞ்சுபோச்சு. எண்ணெய் வடிஞ்சிருக்கான்னு பாக்காம ஸ்டார்ட் பண்ணிட்டேன். இதைக் கேட்டுட்டு, குடுக்கலாமான்னு யோசிச்சுக்கங்க."

கீர்த்தி சிரித்தாள்.

"எல்லாரும் கலைஞ்ச பிறகு, இது வறட்டுல ஓட்டின தேய்மானம்னு அண்ணே சொல்லிட்டாருக்கா. நாலு பேர் முன்னாடி அதைச் சொன்னா அப்புறம் ஊர்ல யாரு உங்ககிட்ட வண்டி விடுவான்னுதான் அதட்டினாராம். 'எப்படியும் அவளே உங்ககிட்ட வந்து சொல்லுவா, அப்படிப்பட்ட ஆளுகிட்ட தைரியமா வண்டியைக் குடுங்க'ன்னாரு."

அப்போதுதான் சித்ராவுக்கு ஒன்று உறைத்தது. கேம் வர ஒரு மாதம் ஆகுமே, இவருக்கு மட்டும் நாலே நாளில் எங்கிருந்து கிடைத்தது?

விடுவிடுவென்று சாலையைத் தாண்டினாள்.

பட்டறையின் உள்பக்கம் கோட்டைச்சாமியின் சொந்த அம்பாசடர் நின்றது. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிற வண்டி. யாரையும் தொடக்கூட விடமாட்டார். அதன் பானட் திறந்து கிடந்தது. ரேடியேட்டர் கழன்று தரையில் இருந்தது. இன்ஜினின் முன்பக்கத்தில், கேம் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில், பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தது.

"சித்திரை பூராவும் கல்யாணத்துக்கு இந்த வண்டியை விட ஒத்துக்கிட்டிருந்தீகளே அண்ணே?" பேச்சு நின்ற நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கோட்டைச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. கையைத் துடைத்தபடியே சொன்னார்:

"அதுக்கென்ன, இந்த வருஷத்து மாப்பிள்ளைக கொஞ்சம் நடந்து போகட்டும்."