கட்டம் போட்ட முப்பது பக்கம்

திரை முழுக்கக் கட்டங்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை, குளியலறையில் ஓடு பதித்த மாதிரி, முப்பது பக்கம்.

“தெருமுனைக்கு வந்துட்டேன்னு காலையில சொன்னீங்க. இப்ப மணி மூணு,” என்றார் பதிப்பாளர்.

“தெரு கொஞ்சம் நீளம் சார்,” என்றபடி கணினி முன் உட்கார்ந்தான் மெக்கானிக்.

மொழிபெயர்த்தவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மலைமேல் நாலு ஊரில் மட்டும் புழங்கும் எழுத்து. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம்.

“என் வீட்டுல நல்லாத்தான் தெரிஞ்சுது. ஃபான்ட் இல்லேன்னா எழுத்துக்குப் பதிலா கட்டம்தானே காட்டும்,” என்றாள்.

“அதெல்லாம் சரிம்மா. இது மூணாவது கெடு. அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகலேன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

மெக்கானிக் அந்த எழுத்துக்குரிய எழுத்துருவைத் தேடி இறக்கினான். தலைப்பு சட்டென்று உயிர்பெற்றது: கொக்கி கொக்கியாய், சுழி சுழியாய் ஐந்து எழுத்து. கீழே எதுவும் அசையவில்லை.

“தலைப்பு வந்துடுச்சே. மீதியும் வந்துடும்.” பதிப்பாளர் நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

இன்னோர் எழுத்துரு. வேறொரு மென்பொருள். மறுபடி இன்னொன்று. கட்டங்கள் மசியவில்லை.

மெக்கானிக் ஒரே ஒரு கட்டத்தைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“சார், தலைப்புல இருக்கிறது சாதா எழுத்து. உள்ள இருக்கிறதெல்லாம் அபூர்வமான கூட்டெழுத்து. எங்கிட்ட இருக்கிற ஃபான்ட் எதுக்கும் அடங்காது. வெளியிலேர்ந்து வரவழைக்கணும். வியாழக்கிழமை ஆயிடும்.”

“அதுவரைக்கும்?”

“இந்த ஃபைலை யாரும் தொடாம இருந்தாப் போதும்.”

பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாவம், எவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருக்கு இந்தப் பொண்ணு. ஃபான்ட் இல்லாததுக்கு அது என்ன பண்ணும்,” என்று முனகிக்கொண்டே, அச்சகத்தாரைச் சமாதானப்படுத்தக் கைபேசியோடு வெளியே போனார்.

மெக்கானிக் பையை மூடினான். கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“கட்டத்தையெல்லாம் எடுத்துட்டு, வியாழக்கிழமைக்குள்ள நிஜக் கதையை எழுதிடுவீங்களா அக்கா?”