முதல் மாத்திரை

31-8-1977, புதன். மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை.

இன்று ஒரு சிறு தப்பு செய்துவிட்டேன். அப்பாவின் ரத்தக் கொதிப்புக்கு வந்த புது மாத்திரையை இரவில் தொடங்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் காலையிலேயே, அப்பா பசியாறியதும் கொடுத்துவிட்டேன்.

"ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்புற சேதி, குழாய்ல போய்ச் சேர்ற இடத்தை மட்டும் இது அடைக்கும். குழாய் தளரும், கொதிப்பு இறங்கும். முதல் வேளை எழுந்து நின்னா ரத்தம் காலுக்குப் போயிடும். படுக்கும்போது குடும்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அது ஞாபகம் வந்தபோது வாசலில் கார் நின்றது. வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசை ஜெயபாலனும், அவன் அம்மா பூங்காவனம் அத்தையும் எங்கள் கல்யாணம் பேச வந்திருந்தார்கள்.

ஒரே ஒரு தடை. காஜா பேராங் கோயில் விருந்தில் அத்தை வைத்த பாயசம் அடிப்பிடித்ததென்று அப்பா ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்டால்தான் சம்மதம் என்பது அத்தையின் பிடிவாதம்.

கார்க் கதவு திறந்தும் அத்தை உடனே இறங்கவில்லை. காலைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மெல்ல எழுந்தார்.

"மகாராணி இறங்குறாங்க லா," என்று அப்பா நாற்காலியிலிருந்தே முணுமுணுத்தார்.

அத்தை வந்து அமர்ந்தார். "என்னங்க அப்பாசாமி, பாயசத்துக்கு என்ன சொல்றீங்க?"

"சொல்றேன், கேளுங்க," என்று அப்பா விருட்டென எழுந்தார். முகம் வெளுத்தது. அப்படியே சரிந்து அத்தையின் காலடியில் விழுந்தார்.

"கால்லயே விழுந்துட்டாரும்மா," என்றான் ஜெயபாலன்.

அத்தை தன் முதுகுப்பக்கமிருந்த தலையணையை உருவி அப்பாவின் கால்களுக்கு அடியில் வைத்தார். அப்பா கண் திறந்தார்.

"போதும், என் மனசு ஆறிடுச்சு. எழுந்திரிக்காதீங்க."

"இல்ல, எனக்குத் தலை..."

"பேசாம படுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்றதும் ஜெயபாலன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் பொய்யில் தொடங்கும். தேநீர் கொடுக்கும்போது குனிந்து சொல்லிவிட்டேன்.

"அத்தை, அப்பா மன்னிப்புக் கேக்கல. ராத்திரி மாத்திரையை நான் காலையில குடுத்துட்டேன்."

அத்தை தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"விழுந்த விதத்துலயே தெரிஞ்சுடுச்சும்மா. நானும் அதே மாத்திரைதான். முதல் நாள் பசார்ல மீன்காரர் கால்ல விழுந்தேன். பாயசமும் அடிப்பிடிச்சதுதான், அப்பாகிட்ட சொல்லிடாத."

நாளை: டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அடுத்த மாத்திரை எப்போது என்று கேட்க வேண்டும்.