ஞாயிறு காலைச் சத்தம்

புல்வெட்டும் மெஷின்களின் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வரைவு விதி அது. அதைப் பற்றிப் பொதுமக்கள் அனுப்பிய கருத்துகள் வாஷிங்டன் அலுவலகத்தில் வந்து குவிந்திருந்தன.

"ஒரே வாசகத்தைக் காப்பியடிச்சு அனுப்பினதையெல்லாம் ஒண்ணாக் கட்டு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதில் போதும்" என்றார் அதிகாரி வெர்னன்.

"இது சொந்தமா எழுதினது" என்று வாசித்தாள் உதவியாளர் மாரிசோல். "'சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தூங்குவது தெரிந்தும், ஞாயிறு விடிந்ததும் மெஷினைக் கிளப்பிவிடுகிறார் ஒருவர். எத்தனை சொல்லியும் காதில் வாங்குவதில்லை. நேரக் கட்டுப்பாடும் வேண்டும்.'"

"பக்கத்து வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வந்திருக்காங்க. தள்ளிவிடு."

"அப்படி விட முடியாது வெர்னன். யோசனை நியாயமா இருக்கு, அப்படி வர்ற கருத்துக்கு நாம பதில் சொல்லியே ஆகணும். பதில் எழுதலைன்னா கோர்ட்டுல விதியே அடிபட்டுப் போயிடும்."

"சரி, யார் அனுப்பினது?"

மாரிசோல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். பெயரைப் பார்த்ததும் வெர்னன் போனை எடுத்தார்.

"லோரெய்ன், இதை வீட்டுலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கல்யாணமான நாள்லேர்ந்து வீட்டுலதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அவர் மனைவி. "அங்க சொன்னாத்தானே நீ பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு."