ஒற்றைக் காலுக்கான குழி

கல்லுடைக்கும் ஆலையின் இயந்திரத்தில் நசுங்கியமையால் மருத்துவர்கள் வெட்டியெடுத்த, தன் கணவனின் வலக்காலைத் துணியில் சுற்றிக்கொண்டு செண்பகவல்லி இடுகாட்டிற்கு வந்தாள். குழிவெட்டும் காத்தமுத்து, கைக்குழந்தைக்கு வெட்டும் அளவில் ஒரு குழி வெட்டிக் காலைப் புதைத்தார்.

“எவ்வளவுண்ணே?”

“முழு ஆளுக்கு ரெண்டாயிரம். காலுக்கு என்னத்தக் கேக்க? ஆஸ்பத்திரிக்கே எல்லாத்தையும் கொட்டியிருப்ப. மிச்ச ஆளு வரும்போது சேத்து வாங்கிக்கிறேன், போ தாயி.”

அவர் இரக்கத்துடன்தான் கூறினார். அவளோ மறுநாள் கணவனுக்கு ஊசி மருந்து வாங்குவதற்காக மருந்துச் சீட்டுக்குள் மடித்து வைத்திருந்த இரண்டாயிரத்தை அப்படியே மண்வெட்டியின்மேல் வைத்தாள்.

“முழுசா இப்பவே எடுத்துக்கங்க. அவரு பேருல இங்க பாக்கி இருக்கக் கூடாது.”

இடுகாட்டிலிருந்து செல்வோர் திரும்பிப் பார்த்தல் ஆகாது.

“தாயி, உள்ள மருந்துச் சீட்டு இருக்கு!” என்று காத்தமுத்து கூவினார்.

அவள் திரும்பவில்லை.