நடுச்சுவர்

நடுச்சுவரில் விரிசல் விட்டிருந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை முறித்துக்கொண்ட கோபத்தில், களிமண் தரையில் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் பெல்ட்கூடப் போடாமல், ஒரே வீட்டை இரண்டாக்க அவசரமாக எழுப்பிய சுவர் அது.

கொத்தனார் முனீஸ்வரன் விரிசலின் குறுக்கே, சுவரின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார்.

"மழைக்குக் களிமண்ணு உப்பும். சுவரு அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சிரும். உடைஞ்சா இடிச்சிர வேண்டியதுதான். மறுபடி இங்கன சுவரு கட்டாதீக."

அன்றிலிருந்து அண்ணன் மனைவி முருகலட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழக்கரைப் பக்கம் வானம் கறுத்தாலே, உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏன்டி, அதுல முகமா பாக்குற?" என்று கேலி செய்தார் கணவர் செல்லச்சாமி.

"உங்களுக்கென்ன? எனக்குல்ல பதறுது."

அடைமழை ஓய்ந்த காலையில் கண்ணாடி உடைந்திருந்தது. முனீஸ்வரன் வந்து பார்த்தார். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

"விரிசல் கொஞ்சங்கூட வளரல. ஆனா ரெண்டு பக்கமும் கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு. இப்ப இடிக்கவா, வேணாமா?"

முருகலட்சுமி திகைத்தாள். இந்தப் பக்கத்துக் கண்ணாடியை அம்மிக்குழவியால் தட்டியது அவள்தான். அந்தப் பக்கம்?

கொத்தனாரின் பின்னாலேயே கொழுந்தன் மனைவி பானுப்பிரியா வாசலுக்கு வந்திருந்தாள். சுவர் எழும்பிய நாளிலிருந்து அவள் இவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் விரலில் ரத்தக்கறையோடு துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா பாக்குறீக? இடிக்கச் சொல்லுங்க."