மலைக்கு வந்த துணை

"ஏலே, இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று பதினோராவது தடவையாகக் கேட்டான் சௌடப்பன்.

வெள்ளத்துரை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்ததிலிருந்து சதுரகிரி மலைப்பாதையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால் வைக்கிற பாறையெல்லாம் வழுக்கியது. இருவரும் யூரியாச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். அதற்குள்ளும் தண்ணீர் இறங்கி முதுகில் ஓடியது.

எம்.ரெட்டியபட்டியில் வெள்ளத்துரைக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். மூன்று வருஷமாகப் பருத்தி போட்டான்; மூன்று வருஷமும் முளைத்த கையோடு கருகிப்போயிற்று. இந்த எழுபத்தைந்தாம் வருஷம்தான் புரட்டாசியிலேயே மழை பிடித்து, செடி ஒரு சாண் வந்திருக்கிறது. கார்த்திகை வரை இப்படியே விட்டுவிட்டுப் பெய்தால் போதும், குடும்பம் நிமிர்ந்துவிடும். "மழை மட்டும் குடு. அந்த மழையிலேயே ஏறி வந்து தேங்காய் உடைக்கிறேன்" என்பது அவன் நேர்ந்துகொண்டது. தாமதித்தால் கொடுத்த மழையைச் சாமி திருப்பி எடுத்துக்கொள்ளுமோ என்று அவனுக்கு உள்ளூர உதறல்.

"சனியன் பிடிச்ச மழை. மனுசனைப் பொழைக்க விடுதா?" சௌடப்பன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"மழையைத் திட்டாதலே. மூணு வருசம் கெஞ்சி வாங்குனது."

"உனக்கென்ன சொல்லுவ. தெருவுல பாவு விரிச்சு இருவது நாளாச்சு. கஞ்சி போட்ட நூலு காய மாட்டேங்குது. தறிக்குழியில முழங்கால் தண்ணி நிக்குது. தறியில உக்காரவா, மீன் பிடிக்கவா?"

"அப்ப வீட்டுல கெடக்க வேண்டியதுதான? எதுக்கு வந்த?"

"வராம இருக்க முடியுமாலே?" என்றான் சௌடப்பன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

வெள்ளத்துரைக்குச் சுருக்கென்றது. சொன்னதற்காக மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டான். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம். அதற்காகவே, சொந்தத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாத நெசவாளி ஒருத்தன், பயிர் கருகிய அந்த மூன்று வருஷமும் ஆடிக் கடைசியில் தவறாமல் கூட வந்து மலையேறியிருக்கிறான். யார் செய்வார்கள்? இந்த வருஷத்து ஆடியில் மட்டும் கால் சுளுக்கு என்று படுத்துவிட்டான். வெள்ளத்துரை தனியாக ஏறி, இவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். அந்தக் குறை அவனை அரித்திருக்க வேண்டும். "மலைக்குப் போறேன்" என்று சொன்ன மறுநிமிஷம், ஈர வேட்டியோடு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சௌடப்பன் கரையிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சலடிக்கச் சொல்லலலே, நடக்கச் சொல்லுதேன்."

"இழுத்துட்டுப் போயிருச்சுன்னா?"

வெள்ளத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். சௌடப்பன் தேங்காய்ப் பையோடு அவன் முதுகில் ஏறினான். நடு ஓடையில் தண்ணீர் தள்ளியதில் வெள்ளத்துரையின் கட்டைவிரல் கல்லில் மோதி நகம் பெயர்ந்தது.

"மெல்லப் போலே, வேட்டி நனையுது" என்றது முதுகு.

அப்படியே தண்ணீரில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. நிலமில்லாதவன், நமக்காக வந்தவன் என்று நினைத்து அடக்கிக்கொண்டான்.

கோயில் மணி கண்ணில் பட்டதுதான் தாமதம், அதுவரை செத்துப் பிழைத்து வந்த சௌடப்பன் ஓட்டமாக ஓடினான். எப்போதும் அவனுக்கு அது ஒரு பிடிவாதம். சந்நிதியில் முதலில் போய் நிற்க வேண்டும். முதலில் கேட்பவனுக்குத்தான் சாமி காது கொடுக்கும் என்பான். நமக்காகக் கேட்கிறவன் முந்தினால் என்ன என்று வெள்ளத்துரையும் வழிவிட்டுவிடுவான்.

சௌடப்பன் கண்ணை மூடி, தலைக்கு மேல் கைகூப்பி, வீட்டில் பேசுகிற தெலுங்கிலேயே உருகிக்கொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்தது மழைத் தண்ணீர் இல்லை. வெள்ளத்துரைக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தனக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட ஒருத்தனையா ஓடையில் போட நினைத்தோம்?

சௌடப்பன் கும்பிட்டு முடித்துப் பிரகாரம் சுற்றப் போனான். வெள்ளத்துரை தேங்காயை நீட்டினான்.

"நேர்ந்துகிட்டபடி மழையிலேயே வந்துட்டேன் சாமி. கார்த்திகை வரைக்கும் பெய்யணும். ஆனா ஒண்ணு, பெஞ்ச மழை என்னால இல்ல. அந்தா போறானே, அவன் வருசா வருசம் அழுது கேட்டதுக்குத்தான்."

வயசான பூசாரி தேங்காயை வாங்காமல் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரும் அடிவாரத்துலயே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு ஏறக் கூடாதா? நடுவுல சாமியைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துதீக?"

"என்ன சாமி சொல்லுதீக?"

"நான் ராஜபாளையத்துக்காரன், எனக்குத் தெலுங்கு தெரியும். நீரு மழை வேணும்ங்கீரு. உம்ம கூட்டாளி வருசம் தவறாம உமக்கு முன்னாடி வந்து நின்னு, 'தை பொறக்குற வரைக்கும் ஒரு பொட்டு மழை வேண்டாம், என் பாவு காயணும்'னு அழுதுட்டுப் போறாரு. இப்பவும் அதைத்தான் கேட்டாரு. இந்த வருசத்து ஆடிக்கு மட்டுந்தான் நீரு தனியா வந்தீரு."

வெள்ளத்துரை விருட்டென்று திரும்பிப் பார்த்தான்.

வெளியே மழை விட்டிருந்தது.