மூடி பிளந்த மர்மம்

“பிரஸ்காரர்தான் காரணம்னு எழுதிக் குடுங்க, டாக்டரம்மா. சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிடறேன்!”

மேலாளர் போட்ட சத்தத்தில், பிளக்காமல் மிச்சமிருந்த டின் மூடிகளும் பிளந்திருக்க வேண்டும். இந்தத் தொழிற்சாலையில் செய்த மூடிகளை வாங்கிய கம்பெனியின் கிடங்கில் குளிர்பான டின்கள் தானாகவே வெடித்து, படகு விடும் அளவுக்குப் பானம் ஓடியதாம். மூடியில் திறப்பதற்கென்று போடும் கோட்டை, மூடி அடிக்கும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் பிரஸ்காரர் ஆழமாக வெட்டிவிட்டார் என்பது மேலாளரின் கட்சி.

“அளவாத்தான் வெட்டினேன், அக்கா. நீங்களே பாருங்க,” என்றார் மூலையில் நின்ற பிரஸ்காரர்.

தொழிற்சாலையே ‘விரிசல் டாக்டர்’ என்று அழைக்கும் ஆய்வுக்கூடத்து அம்மாள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள். கட்டின புருஷன் முகத்தைக்கூட அவள் இத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை.

“அடடா, என்ன அழகு!”

“கம்பெனி மானமே போகுது, அழகாம்!”

“சார், ஆழமா வெட்டி, அழுத்தம் தாங்காம கிழிஞ்சிருந்தா பிளந்த இடம் பூரா குழி குழியா இருக்கும். இது மரக்கிளை மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு ஓடியிருக்கு. உப்பும் ஈரமும் சேர்ந்து மெல்ல மெல்ல அரிச்சிருக்கு. இவர் மேல தப்பே இல்ல.”

பிரஸ்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

“உப்பு எப்படி வந்துச்சு? கடல் நடந்து வந்துச்சா?”

“வியர்வை, சார்! கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும்தான் உப்பு இருக்கு. யாரோ வெறும் விரலால கோட்டைத் தடவியிருக்காங்க!” துப்புக் கிடைத்த குஷியில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“கையுறை இல்லாம நாங்க மூக்கைக்கூடச் சொறியறதில்லையே, அக்கா,” என்றார் பிரஸ்காரர்.

“எல்லா மூடியிலயுமா இப்படி?” என்றார் மேலாளர்.

“இல்ல, சார். நம்ம கிடங்குல மிச்சமிருக்கிற மூடிகளையும் பார்த்துட்டேன். காகிதம் சுத்தின ஒவ்வொரு கட்டிலயும் ஒண்ணே ஒண்ணு...”

நாற்காலி சட்டென்று நின்றது.

மேலாளர் மேசையைக் குத்தினார். “அப்ப கட்டுக்கு ஒண்ணா உருவி, தடவிப் பார்த்து, திரும்பச் செருகி வைக்கிற மகராசன் யாரு? இந்த நிமிஷமே இங்க வரச் சொல்லுங்க!”

அவள் பிரஸ்காரரைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

“கையுறை போட்டா கோட்டோட ஆழம் விரலுக்குப் பிடிபடாது, சார்,” என்றாள் மெதுவாக. “காலையிலேருந்து உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன்.”